நீ மனிதனாயிருந்தால்

விழுப்புரம்
17-8-1961

சேசு மரி சூசை

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியமாக வந்து சேர்ந்ததாக அண்ணன் எழுதிய கார்டு கிடைத்திருக்கும். சௌக்கியம் என்பது அவர் போட்ட சொல்.

ஊறுகாய் ஜாடி மேல் அலமாரியில் இருக்கிறது. ஈரக் கரண்டியைப் போடாதீர்கள். பால்காரியிடம் இனி ஆழாக்குப் பால் போதும் என்று சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் சட்டைகளில் இரண்டுக்குப் பித்தான் இல்லை. தைக்க மறந்து வந்துவிட்டேன். தொட்டில் துணிகளைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

இது ரயில்வே குடியிருப்பு. அண்ணன் மதலைமுத்து எஞ்சினுக்குக் கரி தள்ளிவிட்டு வந்து படுத்தால் காதருகே சங்கு ஊதினாலும் எழுந்திருப்பதில்லை. வெளுத்துக் காயப்போடும் துணியிலெல்லாம் கரித்தூள் விழுகிறது. அண்ணி சவுரியம்மாள் அதை உதறுவாள். உதறியபடியே என்னைப் பார்ப்பாள். தேவமாதா திருநாளன்று பூசை முடிந்து வரும்போது கேட்டேவிட்டாள்.

"புள்ள போனா இன்னொண்ணு வரும்டி. புருசன வுட்டுட்டு இங்க வந்து குந்திக்கினா அது எப்படி வரும்?"

அண்ணியிடம் சொன்னால் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் அடுத்த வண்டியில் திண்டிவனம் வந்து உங்கள் சட்டையைப் பிடிப்பார். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி. சந்தியாகப்பர் திருநாள். பிற்பகல், மழை. பிள்ளை தங்காது என்று மருத்துவச்சி குப்பம்மாள் சொன்னாள். பங்குச் சாமியார் கிராமத்துக்குப் போயிருந்தார். நீங்கள் செம்பில் தண்ணீர் எடுத்தீர்கள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தன் பாஷையிலேயே கொடுக்கலாம் என்று எனக்கும் தெரியும். ஞானோபதேசத்தில் படித்ததுதான். வார்த்தைகள் மனப்பாடம். நீங்கள் அந்த வார்த்தைகளுக்கு முன்னால் ஒன்று சேர்த்தீர்கள்.

நீ மனிதனாயிருந்தால்.

குப்பம்மாள் நம் வேதத்துக்காரி இல்லை. அவளுக்கே தாங்கவில்லை.

"இன்னாங்க வாத்தியாரே, பெத்த புள்ளையப் பாத்து மனுசனாயிருந்தாங்கிறீங்க? நான் இன்னா ஆட்டுக்குட்டிக்கா பேறு பாத்துக்கினு இருக்கேன்?"

நீங்கள் தண்ணீரை ஊற்றினீர்கள். மழை விடும் வரைக்கும் அவன் இருந்தான்.

அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கவில்லை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தீர்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாமியார் தீர்த்தம் தெளித்து எல்லாக் குழிகளையும் மந்திரிப்பார். அதற்குள் அவரிடம் போய், சந்தேகமில்லாமல் கொடுத்தேன், அவன் மனிதன் என்று சொல்லுங்கள். அவனுக்கு ஒரு சிலுவையும் பெயரும் வேண்டும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். சொல்லிவிட்டு எழுதுங்கள். வருகிறேன்.

லூர்துமேரி

*

திண்டிவனம்
22-8-1961

லூர்து,

பித்தான்களை நானே தைத்தேன். கோணலாக இருக்கின்றன. பையன்கள் யாரும் கவனிக்கவில்லை.

நான் சொன்னது நானாக உண்டாக்கியது இல்லை. பெங்களூர் குருமடத்தில் ஆறு வருஷம் படித்தேன். குருவாகாமல் வெளியே வந்தேன். உனக்குத் தெரியும். குருக்களுக்கான கைநூலில் அந்த விதி இருக்கிறது. பிறந்தது மனித உருவம்தானா என்ற சந்தேகம் வந்தால் நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். மனிதனாயிருந்தால் ஞானஸ்நானம். இல்லையென்றால் வெறும் தண்ணீர். பரீட்சையில் இதற்கு விடை எழுதியிருக்கிறேன். நல்ல மார்க்கு.

நெற்றிக்கு மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை. எழுதத்தான் வேண்டியிருக்கிறது. மண்டை மூடவில்லை. மூளை என்று சொல்லும்படி எதுவும் உள்ளே இல்லை.

அன்று மாலையே சாமியாரிடம் போனேன்.

"சந்தேகத்தோடதான் கொடுத்தியா?"

"ஆமாம் சாமி."

"இப்ப அந்தச் சந்தேகம் போயிடுச்சா?"

"இல்லைங்க சாமி."

"பார்த்தவன் நீ. நான் பார்க்கலை. மனுசன்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, உள்ளே வச்சுக்கலாம். தெரியாதுன்னா வேலிக்கு அந்தப் பக்கம்."

தெரியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார்.

இப்போது வேறு சொன்னால் அது பொய்யாகும். சிலுவைக்காகப் பொய் சொல்லலாமா என்று நீயே யோசி.

இன்னொன்று. நம் மேற்றிராசனத்துத் திருச்சபைப் பத்திரிகைக்குக் கட்டுரை ஒன்று ஒப்புக்கொண்டிருந்தேன். உன் பிரசவத்துக்கு முன்பு. ஆதித் திருச்சபையினர் கடவுளின் சாயலை மனிதனில் எங்கே கண்டார்கள் என்பது பொருள். பாதி எழுதிய தாள்கள் மேசையில் கிடக்கின்றன. ஒன்றின் மேல் டம்ளர் வைத்த வட்டம். நீ வைத்ததா நான் வைத்ததா என்று தெரியவில்லை. பத்திரிகையிலிருந்து நினைவூட்டி எழுதிவிட்டார்கள். முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போட்டுவிட்டேன்.

தேவசகாயம்

*

விழுப்புரம்
4-9-1961

சேசு மரி சூசை

உங்களுக்கு,

பொய் சொல்லச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதை மறுபடி படியுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. மனிதன் என்று சொல்லச் சொன்னேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மக்குப் பையன்களைப் பற்றி வந்து சொல்வீர்கள். ஒரு பையனுக்கு ஒன்றும் ஏறவில்லை, தலைக்குள்ளே கடலை இல்லாத மல்லாட்டைத் தோல்தான் இருக்கிறது என்று சிரிப்பீர்கள். அவனிடம் நீ மனிதனாயிருந்தால் உட்கார் என்று சொன்னதுண்டா?

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்து உபதேசியார் இந்தப் பக்கம் வந்தார். அண்ணனுக்கு அவர் தூரத்து உறவு. காப்பி குடித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். நீங்கள் கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்கிறீர்களாம். முகம் மழிப்பதில்லையாம். தாடி கழுத்துக்கு வந்துவிட்டதாம். அண்ணி அடுப்படியிலிருந்தே கேட்டாள்:

"மறுபடியும் சாமியாராப் போறாரா இன்னா? போனா சொல்லச் சொல்லுங்க, நாங்க வேற மாப்பிள்ளை பாக்கணும்."

அண்ணி விளையாட்டுக்காரி. பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் பேசினாள். ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள். "மாப்பிள்ளை முகவாய்க்கட்டையில எம்மாம் பெரிய குழிடி. கால்படி எண்ணெய் ஊத்தி வெளக்கேத்தலாம்." நான் சிரித்துவிட்டேன். உள்ளே பெண் சிரிக்கிறாள் என்று உங்கள் வீட்டார் குறை சொன்னார்கள். நீங்கள் சொல்லவில்லை.

உபதேசியார் இன்னொன்றும் சொன்னார். மூன்றாம் நாள் குப்பம்மாள் முள்வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பால் தெளித்தாளாம். சாமியார் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தாராம். "உங்க ஆளுங்க யாராச்சும் வந்து எதுனா செஞ்சிருந்தா நான் இன்னாத்துக்கு சாமி வர்றேன்?" என்றாளாம்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். எதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தது? விதியை எழுத வேண்டாம்.

லூர்துமேரி

*

திண்டிவனம்
10-9-1961

லூர்து,

எதைப் பார்த்து என்று கேட்கிறாய்.

கடவுளுக்கு உடல் இல்லை. ஆகையால் அவருடைய சாயல் மனிதனின் உடலில் இருக்க முடியாது. ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களான வேதபாரகர்களில் பலர் சொன்னது இது. அலெக்சாந்திரியாவில் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் சொன்னார்கள். சாயல் அறிவில் இருக்கிறது. நினைவில், தன்னைத் தான் அறிவதில், விரும்புவதில். மாட்டுக்கும் கண் இருக்கிறது, கால் இருக்கிறது. மாட்டுக்கு இல்லாதது எதுவோ அதில்தான் சாயல். இருபது வயதில் இதைப் படித்தேன். சுத்தமாக இருந்தது. கழுவிய கல் மாதிரி.

அன்று செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான். அறிவு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். இடமே இல்லை.

மக்குப் பையனுக்குத் தலைக்குள் ஏதோ இருக்கிறது. உன் உவமை பொருந்தாது.

குப்பம்மாள் செய்ததைச் சாமியார் என்னிடமும் சொன்னார். வருத்தப்பட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. நானும் எதுவும் உணரவில்லை. வகுப்புக்குப் போகிறேன். வருகிறேன். சாப்பிடுகிறேன். மண்டித் தெருவில் மல்லாட்டை மூட்டைகளை ஏற்றுகிறார்கள். நின்று பார்த்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். துக்கம் என்று சொல்ல மாட்டேன். எதுவோ மரத்திருக்கிறது. உட்கார்ந்தே இருந்தவனின் காலைப் போல.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நீ எந்த உரிமையில் என்னை விசாரிக்கிறாய்? சந்தேகத்தோடாவது நான் அவனைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. குப்பம்மாள் இரண்டு தடவை கொண்டுவந்து காட்டினாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். துணியால் மூடு என்றாய்.

தேவசகாயம்

*

திண்டிவனம்
25-9-1961

லூர்து,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடைசி வரிகளை எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்டபோதே தெரிந்தது. திரும்ப எடுக்கலாம் என்றால் பெட்டிக்குள் கை போகவில்லை.

கட்டுரைக்காக மறுபடி படித்தேன். குருமடத்தில் நாங்கள் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போன பக்கங்கள். நான் சொன்னவர்களைவிடப் பழையவர் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டு. ஒரு பட்டணத்துச் சபைக்குத் தலைவராக இருந்த மேற்றிராணியார். அவர் வேறு மாதிரி சொல்கிறார். சர்வேசுரன் களிமண்ணைத் தம் இரண்டு கைகளால் பிசைந்தார். ஒரு கை சுதன், ஒரு கை இஸ்பிரீத்துசாந்து என்கிற பரிசுத்த ஆவி. அந்தக் கைகள் பட்ட இடமே சாயல். அறிவில் மட்டும் இல்லை. பிசைந்த மண்ணில். சதையில். பின்னால் மனிதனாக வரப்போகிறவருடைய உடலை முன்னாலேயே மனதில் வைத்துப் பிசைந்தாராம்.

இன்னொன்றும் சொல்கிறார். ஆதாமும் ஏவாளும் வளர்ந்தவர்களாகப் படைக்கப்படவில்லையாம். குழந்தைகளாகப் படைக்கப்பட்டார்கள். முற்றுப் பெறாதவர்களாக. முழுமையாக ஆக இன்னும் நாள் வேண்டியிருந்தவர்களாக.

இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடி வைத்தேன்.

எகிப்து தேசத்து மேற்றிராணியார் ஒருவரின் உவமை ஒன்றும் கிடைத்தது. மரப்பலகையில் ஒருவர் முகத்தை எழுதியிருக்கிறார்கள். கறை படிந்து முகம் அழிந்துவிட்டது. பலகையை எறிந்துவிடுவதில்லை. யாருடைய முகமோ அவர் மறுபடி வந்து எதிரே உட்கார வேண்டும். அவரைப் பார்த்து அதே பலகையில் மறுபடி எழுதுவார்கள். கடவுள் மனிதனாக வந்தது அதற்காகத்தான் என்கிறார்.

கட்டுரைக்கு நல்ல உவமை. எழுதி முடித்து எழுந்து போய்ப் பார்த்தால் சோறு அடிபிடித்திருந்தது. மேலே இருந்ததைச் சாப்பிட்டேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

தேவசகாயம்

*

விழுப்புரம்
11-10-1961

உங்களுக்கு,

உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

இங்கு வந்த பிறகும் பால் சுரந்துகொண்டிருந்தது. கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. அண்ணி மல்லிகைப் பூவை வைத்து மார்பில் துணியைச் சுற்றிக் கட்டினாள். பூ வைத்தால் பால் வற்றும். வற்றுகிற வரைக்கும் கட்ட வேண்டும். பூக்காரிக்கு என்ன தெரியும்? நான் வாங்கப் போனால் சிரிப்பாள். "வூட்டுக்காரர் வந்துட்டாராம்மா? முழம் அதிகமா வாங்கிப் போறே." ஆமாம் என்பேன். எதற்கு வம்பு?

இப்போது வற்றிவிட்டது. மல்லிகை வாசனை வந்தால் வேறு பக்கம் போய்விடுகிறேன்.

நீங்கள் எழுதியது உண்மை. நான் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் நீங்கள் சொன்ன அந்த வார்த்தைக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மறுபடி பொறுக்கினேன். அண்ணி வந்து முறத்தைப் பிடுங்கினாள். "இன்னாடி பண்றே, அரிசியெல்லாம் கீழ போட்டுக்கினு கல்ல வச்சிக்கினு இருக்கே." அப்போதுதான் பார்த்தேன்.

குப்பம்மாள் முதலில் சொன்னது என் காதில் விழுந்தது. உங்களிடம் மெதுவாகத்தான் சொன்னாள். தலை சரியா இல்லீங்க என்றாள். அதைக் கேட்டதும் நான் திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்தேன். அவன் குரல் கேட்டது. பூனைக்குட்டியின் குரலைவிடச் சின்னது. இரண்டாம் தடவை அவள் கொண்டுவந்தபோது, அவன் கால் என் கை மேல் பட்டது. சூடாக இருந்தது. அப்போதும் நான் திரும்பவில்லை. பார்த்தால் அது மட்டுமே மனதில் நிற்கும் என்று பயந்தேன். இப்போது எதுவுமே நிற்கவில்லை.

கண்ணை மூடினால் அந்தப் பல்லிதான் வருகிறது.

நீங்கள் எழுதியிருந்த வேதபாரகர்களின் விஷயம் எல்லாம் படித்தேன். இரண்டு கைகள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அறிவிலா உடலிலா என்று நீங்கள் பத்திரிகைக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சாயல் என்றால் ஒன்றுதான் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாரும் கேட்பது. யார் சாயல்? அம்மாவா அப்பாவா? எந்தக் குடிசையிலும் கேட்பார்கள். நம் வீட்டுக்கு வந்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை. குப்பம்மாள் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

அவனைப் பார்த்தவர் நீங்கள்தான். நான் இப்போது கேட்கிறேன். அவன் யார் சாயல்?

இல்லாததைச் சொல்ல வேண்டாம். தலையைப் பற்றி எனக்குத் தெரியும். இருந்ததைச் சொல்லுங்கள்.

லூர்து

*

திண்டிவனம்
20-10-1961

லூர்து,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துவிட்டேன். கட்டுரையை அனுப்பிவிட்டேன். நன்றாக வந்திருப்பதாகப் பத்திரிகையிலிருந்து எழுதினார்கள். அதில் நீ கேட்டது எதுவும் இல்லை.

இருந்ததைச் சொல்கிறேன்.

கால் உன்னுடையது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். உன் கை மேல் பட்டது வலது கால்.

நகங்கள் இருந்தன. எல்லா விரலிலும். வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தன. அதை ஏனோ நான் எதிர்பார்க்கவில்லை.

முதுகில் பூனை முடி. தோள்பட்டையில் சிவப்பாக ஒரு மச்சம். உன் பக்கத்திலா என் பக்கத்திலா, யாருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

காது சின்னது. மடல் ஒட்டியிருந்தது. அண்ணன் மதலைமுத்துவின் காது.

என் சுண்டுவிரலை அவன் கையில் வைத்தேன். பிடித்தான். மூளை இல்லாமலும் விரல் பிடிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். பிடித்தபோது அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதற்காக நான் விரலை எடுத்துவிட்டேன். அவன் எடுக்கவில்லை.

இனி எழுத வேண்டியது ஒன்று பாக்கி.

நெற்றிக்குக் கீழே அவன் முகம் முழுமையாக இருந்தது. மூக்கு, உதடு, எல்லாம். குப்பம்மாள் துணியை நெற்றி வரை இறக்கிச் சுற்றியிருந்தாள். அந்தத் துணியோடு பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. தூங்குகிற பிள்ளை. நான் செம்பில் தண்ணீரோடு குனிந்தேன். சரியான வார்த்தைகள்தான் வாயில் இருந்தன. நிபந்தனை இல்லாத வார்த்தைகள். அப்போது அவன் முகவாயைப் பார்த்தேன். நடுவில் குழி. அண்ணி விளக்கேற்றலாம் என்றாளே, அதே குழி. என் அப்பாவுக்கு இருந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு காலையும் கத்தி தடுக்குகிற இடம்.

என்னிடமிருந்து இப்படி ஒன்று வருமா என்று நினைத்தேன்.

அந்தச் சந்தேகம் தலையைப் பார்த்து வந்ததில்லை, லூர்து. தலையைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம்தான். முகவாயைப் பார்த்ததும் பின்வாங்கினேன். யார் சாயல் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் கைநூல் ஞாபகம் வந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிறகு உனக்கு எழுதிய வேதசாஸ்திரம் எல்லாம் அங்கே நின்றுகொண்டு எழுதியது.

மறுநாள் காலை மழிக்க உட்கார்ந்தேன். முடியவில்லை. அவ்வளவுதான் தாடி.

நேற்று மாலை சாமியாரிடம் போனேன். அவர் செபமாலையோடு கல்லறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். வேலை ஆட்கள் திருநாளுக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் மனிதன்தான் சாமி" என்றேன்.

"எப்படித் தெரிஞ்சுது? ஏதாவது படிச்சியா?"

"இல்லைங்க. அன்னைக்கே தெரியும். முகவாய் என்னுது சாமி."

கொஞ்ச நேரம் நடந்தார். நானும் நடந்தேன்.

"இது வேதசாஸ்திரத்துல ஒரு காரணமா?"

"தெரியாது சாமி."

"எனக்கும் தெரியலை" என்றார். பிறகு, "குழியைத் தோண்டி எடுக்க வேண்டாம், பாவம், படுத்திருக்கட்டும். வேலியைத் தள்ளிப் போட்டா ஆச்சு" என்றார். சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, எந்த இடம் வரை முள்ளை எடுக்க வேண்டும் என்று குடைக் காம்பால் காட்டினார். அந்த ஆள் சொன்னார்: "அங்க ஏற்கெனவே யாரோ கல்லு அடுக்கி வச்சிருக்காங்க சாமி." குப்பம்மாளாகத்தான் இருக்கும்.

சாமியார் சிலுவை செய்யச் சொன்னார். பெயர் என்ன என்று கேட்டார். அவன் அம்மாவைக் கேட்க வேண்டும் என்றேன்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். முள் எடுத்த இடத்தில் மண் வேறு நிறமாக இருக்கிறது. நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கால் மட்டும் கொஞ்சம் வலித்தது.

தேவசகாயம்

*

விழுப்புரம்
27-10-1961

சேசு மரி சூசை

அன்புள்ள உங்களுக்கு,

சந்தியாகு என்று எழுதச் சொல்லுங்கள். அவன் பிறந்த நாளின் அர்ச்சியசிஷ்டவர் பெயர். வேறு யோசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அண்ணன் வேலைக்குப் போன பிறகு படித்தேன். கால் விரலைப் பற்றி எழுதிய இடத்தில் என் காலைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் வந்து படுத்த பிறகு அவர் காதைப் பார்த்தேன். மடல் ஒட்டித்தான் இருக்கிறது. கரி அப்பியிருந்தது. அண்ணி, "இன்னாடி அவரையே பாத்துக்கினு நிக்கறே" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடியில் இருந்த துணியை எடுத்து உள்ளே வைத்தாள். மழை வரும் போலிருந்தது.

நீங்கள் பின்வாங்கினீர்கள். நான் திரும்பிக்கொண்டேன். இதில் யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு அதைப் பேச வேண்டாம்.

புதன்கிழமை, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளன்று, காலைப் பாசஞ்சரில் வருகிறேன். அண்ணன் ஏற்றி விடுவார். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வீட்டிலேயே இருங்கள். மறுநாள் குப்பம்மாளையும் கல்லறைக்குக் கூப்பிட வேண்டும். சாமியார் ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். தகரப் பெட்டிச் சாவியைக் கொண்டுவருகிறேன். அதில் ஒரு துணியைச் சிலுவைக்குக் கட்டலாம்.

வந்ததும் நான் உங்கள் எதிரே கொஞ்ச நேரம் உட்காருவேன். நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.

நான் வருவதற்குள் தாடியை எடுத்துவிடுங்கள்.

லூர்து